கையெழுத்து ஒத்துப்போகவில்லை

டேராடூனுக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலம். ஜனவரி மாதம், காலை பத்தரை மணி. கிளையில் எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மஃப்ளர் என்று உட்கார்ந்திருந்தோம். கிளார்க் ஒரு வித்ட்ராயல் ஸ்லிப்பைக் கொண்டு வந்து நீட்டினார். "சார், கையெழுத்து ஒத்துப்போகவில்லை." பார்த்தேன், ஒத்துப்போகவில்லைதான். எதிரே அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர். இன்னொரு முறை போடச் சொன்னேன். அதுவும் கோணல். மூன்றாவது முறை பேனாவே விரலில் நிற்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்று என் அரைகுறை இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

போகும்போது அவர் கையை மேசை மேல் வைத்துக் காட்டினார். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிலிருந்து பாதிவரை மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. "காலையில் இப்படித்தான் சாப், வெயில் ஏறினால் சரியாகிவிடும். இருபது வருஷம் மெஷின் ரம்பம் பிடித்த கை" என்றார். எனக்குப் புரியவில்லை. பி.காம். படித்தவனுக்கு ரம்பத்துக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் தெரியும்? அன்றிரவு தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

செயின் சா என்கிற மெஷின் ரம்பம் மரத்துக்காகப் பிறந்ததே இல்லை! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு டாக்டர்கள் பல் வைத்த சின்னச் சங்கிலி ஒன்றை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். பிரசவம் சிக்கலானால் இடுப்பெலும்பின் இணைப்பை அறுக்கவும் அதுதான். 1830-ல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடுகிற எலும்பு ரம்பம் செய்தார்.

காட்டுக்குள் அது வந்தது அடுத்த நூற்றாண்டில். 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். எடை ஏறக்குறைய 48 கிலோ, பிடிக்க இரண்டு பேர் வேண்டும். 1927-ல் எமில் லெர்ப் பெட்ரோலில் ஓடுவதைச் செய்து, ஜெர்மனியின் டோல்மர் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே கம்பெனியின் பெயரும் ஆயிற்று. ஒற்றை ஆள் தூக்குகிற ரம்பம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

நடுவில் ஒரு புழுவுக்கும் பங்கு உண்டு. பழைய சங்கிலியின் பற்கள் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி அரம் போட வேண்டும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி அறுத்துக்கொண்டே போயின. அதே மாதிரி பல் வைத்த சங்கிலியை 1947-ல் விற்க ஆரம்பித்தார். இன்றைய சங்கிலிகளெல்லாம் அதன் வாரிசுகள்.

இதுவரை லாபக் கணக்கு. இனி எதிர்ப் பக்கம்.

அதிரும் கருவி விரலை வெளுக்க வைக்கும் என்பது புதுச் செய்தியே அல்ல. 1918-லேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த தொழிலாளிகளிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார். அதிர்வு விரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. குளிர் பட்டதும் குழாய் சுருங்கி விரல் வெளுக்கிறது, மரத்துப் போகிறது. முற்றிவிட்டால் சட்டைப் பித்தான் போடுவதே பெரும்பாடு. எழுதி வைத்த பிறகும் ரம்பங்கள் அதிர்ந்துகொண்டே விற்பனையாயின. 1960-களில்தான் எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பரும் ஸ்பிரிங்கும் வந்தன. ஜப்பானில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று 1970-களில் வரம்பு வைத்தார்கள். பிரிட்டன் இதை நஷ்ட ஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது 1985-ல். 1918-க்கும் 1985-க்கும் நடுவே 67 வருஷம். கணக்கு பார்த்தே பழகியவனுக்கு இந்த நிலுவை உறுத்துகிறது.

மற்றப் பாதுகாப்பும் அப்படித்தான், தவணை தவணையாக வந்தது. ரம்பத் தகட்டின் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 20 மீட்டர். அதை நிறுத்தும் செயின் பிரேக் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. சங்கிலி பட்டதும் நார் நாராகப் பிரிந்து சக்கரத்தைச் சிக்க வைக்கும் கால்கவசத்தை அமெரிக்காவில் சட்டம் கட்டாயமாக்கியது 1990-களின் நடுவில். நம்மூரிலோ ஹவாய் செருப்பும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக மெஷின் ரம்பம் பிடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் பெரியவர் வெயில் ஏறிய பிறகு வந்தார். இதற்குள் நான் இன்னொன்றையும் தேடிப் படித்திருந்தேன். புதிதாக அல்ல, பரீட்சைக்குப் படித்து மறந்ததைத்தான். கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளர் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியின் விதிதான் அது. முதல் நாளே செய்திருக்கலாம். நான் விரலைப் பார்க்கவில்லை, ஸ்பெசிமனைத்தான் பார்த்தேன்.

ரேகை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டவரை உட்கார வைத்து டீ வரவழைத்தேன். மரம் எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம். பின்பக்கம் கோணலாக ஓடுவதற்கு ஒரு வழியைச் சுத்தம் செய்த பிறகுதான் ரம்பத்தைத் தொட வேண்டும். விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதைவிடச் சற்று உயரத்தில் அறுப்பு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் விடுகிற கட்டைதான் கதவுக்குக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பிப் படுக்க வைக்கும். "அதையும் அறுத்துவிட்டால் மரம் உன் பேச்சைக் கேட்காது சாப்." புத்தகங்கள் அந்தக் கீலின் தடிமன் அடிமரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்கின்றன. அவர் விரல்களைச் சேர்த்து வைத்து அளவு காட்டினார். அந்த வெளுத்த விரல்களை.

மரத்திடமிருந்து தப்பிக்க அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கையிலிருந்த மெஷினிடமிருந்து தப்பிக்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

எழுந்திருக்கும்போது சொன்னார், இப்போது அந்த வேலைக்குப் போவது அவர் மகனாம். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சின்ன வயசுதானே சாப், குளிர் நாளில் கொஞ்சம் மரத்துப் போகும், அவ்வளவுதான்" என்றார்.

மகனையும் ஒரு நாள் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். கணக்கு தொடங்க என்று சாக்கு. ஸ்பெசிமன் கையெழுத்து வாங்கும்போது இந்த முறை முதலில் விரலைப் பார்க்க வேண்டும்.