உறவுநிலைத் தரவுத்தள வடிவமைப்பு

உறவுநிலைத் தரவுத்தள வடிவமைப்பு என்பது, தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாகப் பிரித்து அமைக்கும் முறை. கணினி அறிவியல் பட்டப்படிப்பின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இது சிஎஸ்2102 பாடத்தில் இடம்பெறுகிறது.

தோற்றம்

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் இதற்கான கணித அடித்தளத்தை வகுத்தார். 1976-இல் பீட்டர் சென் உருபொருள்-உறவு வரைபடத்தை அறிமுகப்படுத்தினார். இத்துறையில் உலகெங்கும் பயிலப்படும் பாடநூல்களின் ஆசிரியர்களான ராகு ராமகிருஷ்ணன், எஸ். சுதர்சன் இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள்.

அட்டவணையும் திறவுகோலும்

அட்டவணைகளை அமைக்கும் விதத்துக்கு, சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கும் பேருந்துத் தரவு நல்ல எடுத்துக்காட்டு. பிடோக்கிலிருந்து கிளமெண்டி செல்லும் 14ஆம் எண் பேருந்து பல நிறுத்தங்களில் நிற்கும். அந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றிலும் வேறு பேருந்துகளும் நிற்கலாம். இத்தகைய பல-பல உறவைச் சேவை, நிறுத்தம் என்ற இரண்டு அட்டவணைகளால் மட்டும் காட்ட முடியாது. ஆகவே ‘தடம்’ என்ற மூன்றாவது அட்டவணை வருகிறது. சேவை எண், திசை, நிறுத்த வரிசை, ஐந்திலக்க நிறுத்தக் குறியீடு ஆகியவை அதன் முக்கியப் பத்திகள்.

தடம் அட்டவணையின் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல் எது? சேவை எண், திசை, நிறுத்தக் குறியீடு மூன்றும் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 222ஆம் எண் பேருந்து பிடோக் முனையத்தில் கிளம்பி, சுற்றிவந்து, அங்கேயே முடிகிறது. ஒரே நிறுத்தம் இருமுறை வருவதால் அந்தத் திறவுகோல் உடைந்துவிடும். சேவை எண், திசை, நிறுத்த வரிசை என்ற கூட்டே சரி. நிறுத்தக் குறியீடு, நிறுத்த அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோலாகும்.

இயல்பாக்கம்

ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே பதிவாக வேண்டும் என்பதே இயல்பாக்கத்தின் சாரம். நிறுத்தத்தின் பெயரைத் தடம் அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் எழுதினால், பெயர் மாறும்போது அத்தனை பதிவுகளையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தரவு முரண்படும். பெயர், திறவுகோலில் இல்லாத நிறுத்தக் குறியீட்டைச் சார்ந்தது; ஆகவே நிறுத்த அட்டவணைக்குப் போக வேண்டும். இதைக் கோரும் விதியே மூன்றாம் இயல்பு வடிவம்.

பேருந்தை இயக்கும் நிறுவனத்தின் பெயர் சேவை எண்ணை மட்டுமே, அதாவது திறவுகோலின் ஒரு பகுதியை மட்டுமே சார்ந்தது. அதைத் தடத்தில் வைப்பது இரண்டாம் இயல்பு வடிவத்தை மீறும். இயக்குநர் மாறுவதும் நடப்பதுதான்: 2016-இல் லோயாங் தொகுப்பில் அடங்கிய பேருந்துச் சேவைகள் கோ-அஹெட் சிங்கப்பூர் நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஆணையத்தின் தடத் தரவிலும் இயக்குநர் பெயர் உண்டு. வாசிக்க மட்டும் வழங்கும் தரவில் அது வசதி; அன்றாடம் திருத்தப்படும் தரவுத்தளத்தில் அது ஆபத்து.

கற்கும் முறை

இயல்பு வடிவங்களின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வதைவிட, ‘எது எதைச் சார்ந்தது?’ என்று கேட்டுப் பழகுவதே பயன் தரும். அதற்கான விடை மென்பொருளில் இல்லை. தரவு எந்தத் துறையைச் சேர்ந்ததோ அந்தத் துறையின் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுப் பேருந்து ஒன்று உண்டு என்று அறியாதவர் சரியான திறவுகோலைத் தேர்ந்தெடுக்க முடியாது.