கர்ப்பம்சார் நஞ்சுக்கொடிக் கட்டிகள்

கர்ப்பம்சார் நஞ்சுக்கொடிக் கட்டிகள் என்பன, நஞ்சுக்கொடியை உருவாக்கும் ட்ரோபோபிளாஸ்ட் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் தோன்றும் நோய்களின் தொகுப்பாகும். முத்துப்பிள்ளை எனப்படும் கருக்கோளாறு முதல் கோரியோகார்சினோமா என்னும் கடும் புற்றுநோய் வரை இதில் அடங்கும். பிற புற்றுநோய்களைப் போலன்றி இவை பெண்ணின் சொந்த இழையத்திலிருந்து தோன்றுவதில்லை. கருவின் இழையத்திலிருந்து தோன்றித் தாயின் உடலில் வளர்கின்றன.

வகைகள்

முழு முத்துப்பிள்ளையில், தாயின் நிறப்புரிகளை இழந்த முட்டைக்குள் பெரும்பாலும் ஒரே விந்தணு நுழைந்து இரட்டிப்படைகிறது. ஆகவே 46 நிறப்புரிகளும் தந்தையிடமிருந்தே வருகின்றன, கரு உருவாவதில்லை. பகுதி முத்துப்பிள்ளையில் ஒரு முட்டையுடன் பொதுவாக இரு விந்தணுக்கள் இணைவதால் 69 நிறப்புரிகள் காணப்படும். நஞ்சுக்கொடியின் சடைமுளைகள் நீர் கோத்து, திராட்சைக் கொத்துப் போலத் தோன்றுவது முழு வகையில் தெளிவாகத் தெரியும்.

கோரியோகார்சினோமா முத்துப்பிள்ளைக்குப் பின்னரே பெரும்பாலும் தோன்றினும், கருச்சிதைவுக்குப் பின்னரும் இயல்பான மகப்பேற்றுக்குப் பின்னரும் தோன்றக்கூடும். இது குருதி வழியாக விரைந்து பரவும். நுரையீரலே முதன்மையான இலக்கு. யோனி, கல்லீரல், மூளை ஆகியனவும் பாதிக்கப்படலாம்.

அறுதியிடல்

கர்ப்பத்தின் தொடக்கத்தில் குருதிப்போக்கு, கடும் வாந்தி, மாதக் கணக்கை மீறிய கருப்பைப் பருமன் ஆகியன முத்துப்பிள்ளையின் அறிகுறிகள். மீயொலி வரைவில் இது பனிப்புயல் போன்ற தோற்றத்தைத் தரும். பகுதி முத்துப்பிள்ளை பல வேளைகளில் சாதாரணக் கருச்சிதைவு என்றே கருதப்பட்டு, அகற்றிய இழையத்தை நுண்ணோக்கியில் ஆய்ந்த பின்னரே புலப்படுகிறது.

இக்கட்டிகள் எச்சிஜி என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. கர்ப்பச் சோதனையில் அளக்கப்படுவதும் இதுவே. நோயின் அளவை இவ்வளவு நம்பகமாகக் காட்டும் குருதிக் குறிகாட்டி பிற புற்றுநோய்களில் அரிது. முத்துப்பிள்ளையை அகற்றிய பின் எச்சிஜி குறையாது நின்றாலோ மீண்டும் உயர்ந்தாலோ, இழையச் சோதனையின்றியே நோய் உறுதி செய்யப்படுகிறது. கட்டியிலிருந்து மாதிரி எடுப்பது கடும் குருதிப்போக்கை விளைவிக்கும் என்பதால் அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் கோரியோகார்சினோமாவே எளிதில் தவறவிடப்படுவது. நீடித்த குருதிப்போக்கோ இருமலில் குருதியோ வலிப்போ உள்ள இளம் பெண்ணுக்கு வேறு காரணங்கள் தேடப்படுகின்றன. எளிய எச்சிஜி சோதனை மறக்கப்படுகிறது.

சிகிச்சை

முத்துப்பிள்ளை, கருப்பையிலிருந்து உறிஞ்சி அகற்றப்படும். அதன்பின் எச்சிஜி இயல்பு நிலையை அடையும் வரை வாரந்தோறும் அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை அளக்கப்படும். கண்காணிப்புக் காலத்தில் கருத்தடை அறிவுறுத்தப்படுகிறது. புதிய கர்ப்பமும் எச்சிஜியை உயர்த்தி, நோயின் மீள்வரவை மறைத்துவிடும். முழு முத்துப்பிள்ளை கொண்டோரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு வேதிச்சிகிச்சை தேவைப்படும். பகுதி வகையில் இது ஏறத்தாழ 1 விழுக்காடு அல்லது அதனினும் குறைவு.

வேதிச்சிகிச்சையின் வரலாறு குறிப்பிடத்தக்கது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர், பரவிய கோரியோகார்சினோமாவை மெதொட்ரெக்சேட் மூலம் மறையச் செய்தனர். (போலேட்டுக்கு எதிரான இவ்வகை மருந்துகள், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் லெடர்லி ஆய்வுக்கூடப் பணிகளிலிருந்து வந்தவை.) கட்டி கண்ணுக்குத் தெரியாது மறைந்த பின்னரும், எச்சிஜி எஞ்சியிருக்கும் வரை லி மருந்தைத் தொடர்ந்தார். இது தேவையற்ற நச்சூட்டல் எனக் கருதப்பட்டதால் அவர் பணியை இழந்தார். அவர் வழியில் முழுமையாகச் சிகிச்சை பெற்றோர் பிழைத்தனர். 1972இல் அவருக்கு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இன்று நோயாளியின் அகவை, முந்தைய கர்ப்பத்தின் வகை, எச்சிஜி அளவு, பரவிய இடங்கள் முதலியவற்றுக்குப் புள்ளிகள் இடப்படுகின்றன. 6 வரை குறைந்த இடர். 7 அல்லது அதற்கு மேல் உயர் இடர். முன்னதற்கு மெதொட்ரெக்சேட் அல்லது ஆக்டினோமைசின்-டி தனித்து அளிக்கப்படும். குணமடைவோர் ஏறத்தாழ 100 விழுக்காடு. பின்னதற்கு எட்டோபொசைடு உள்ளிட்ட ஐந்து மருந்துகளின் கூட்டு பயன்படுகிறது. எச்சிஜி இயல்பான பின்னரும் சில வாரங்களுக்கு மருந்து தொடரப்படும். நஞ்சுக்கொடிப் படுக்கைக் கட்டி என்னும் அரிய வகை மட்டும் மருந்துக்கு எளிதில் பணிவதில்லை. அதற்குக் கருப்பை நீக்கமே முதன்மைச் சிகிச்சை.

மருந்தால் குணமடைந்தோரில் பெரும்பாலோர் மீண்டும் கருத்தரிக்க இயலும். பொதுவாக ஓராண்டு காத்திருக்குமாறு கூறப்படுகிறது. அடுத்த கர்ப்பமும் முத்துப்பிள்ளையாகும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடே.