கரத்தையிலிருந்து கரவன் வரை: அடுப்போடு பயணம் போன கொழும்பு

 

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் சுபஹுக்கு முன்பே வான் கதவு இழுபடும் சத்தம் கேட்கும். சீட்டுக்கு அடியில் சோற்றுச் சட்டி. பின்னால் கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், பாய், தலையணை. நடுவில் உம்மும்மா, அவரைச் சுற்றி நான்கு குடும்பத்துப் பிள்ளைகள். கேட்டால் "ட்ரிப் போறோம்" என்பார்கள்.

மேல்நாட்டில் இதை மோட்டார் ஹோம் என்கிறார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி. நம்மில் மிகச் சிலரே அப்படியொரு வண்டியில் ஏறியிருப்போம். ஆனால் வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ருசி நமக்குப் புதிதல்ல. அந்த ருசி எங்கிருந்து, யாரால், எப்படி வந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சொல். ஜப்பானின் நிசான் கம்பனி 1973இல் 'கரவன்' என்ற வானை வெளியிட்டது. நம் வீதிகளில் இன்றும் ஓடுகிறது. அந்தப் பெயரின் வேர் பாரசீகம்: கார்வான். பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகர்களும் யாத்திரிகர்களும்தான் கார்வான். அரபியில் காஃபிலா என்போம். தனியாகப் போனால் கொள்ளையர் பயம், தாகம். அதனால் கூடாரமும் உணவும் ஒட்டகத்தில் ஏற்றிச் சேர்ந்தே போனார்கள். அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் எடுத்துச் சக்கரம் வைத்த வீட்டுக்குச் சூட்டினார்கள்.

இலங்கையைச் சுற்றி வந்த பழைய பயணங்களில் நாம் விவரமாக அறிந்த ஒன்று இப்னு பதூதாவுடையது. 1344இல் புத்தளம் பக்கம் கரை இறங்கினார். பாவாத மலையைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் கூடவே அனுப்பினார். கணக்குப் பாருங்கள்: துணைக்கு வந்த முப்பத்திரண்டு பேரில் பதினைந்து பேர் சாப்பாட்டைத் தூக்கினார்கள்! முஸ்லிம் யாத்திரிகர், தமிழ் அரசர், யோகிகள், பிராமணர்கள், எல்லோருக்கும் ஒரே மலை. திரும்பும்போது தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக மறுபடி புத்தளம் வந்தார். இன்று நம் வான்கள் போகும் சுற்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அடுத்தது கரத்தைக்காரர்கள். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைந்தது. அதன் பிறகு பெருகிய கோப்பித் தோட்டங்களின் மூட்டைகள் மாட்டுக் கரத்தைகளில்தான் துறைமுகத்துக்கு வந்தன. திரும்பும்போது அரிசி ஏறியது. வழியில் பல இரவுகள். கிடுகுக் கூரைக்குக் கீழே தூக்கம், பாதையோரத்தில் மூன்று கல் வைத்துச் சமையல். அவர்களுக்கு அது சந்தோஷப் பயணமல்ல, வயிற்றுப்பாடு. ஆனால் வண்டியே வீடாகும் என்பதை நம் வீதிகள் முதலில் பார்த்தது அவர்களிடம்தான். 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரை ரயில் ஓடியது, 1867இல் கண்டியை எட்டியது. மூட்டைகள் ரயிலுக்கு மாறின.

வீதியில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வாடிவீடுகள் இருந்தன. சாதாரண சனத்துக்கு அம்பலமும் மர நிழலும்தான். அதனால்தான் நம் மக்களின் முதல் இன்பப் பயணங்கள் யாத்திரைகளாக இருந்தன. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் தலவிலுக்கும் மடுவுக்கும் போனார்கள். சைவர்கள் கதிர்காமம் போனார்கள். முஸ்லிம்கள் பலாங்கொடைக்கு அப்பால் கூரகலைக்கு, தப்தர் ஜெய்லானிக்குப் போனார்கள். எல்லோரும் எடுத்துப் போனது ஒரே சாமான்கள்: அரிசி, கருவாடு அல்லது பருப்பு, சட்டி, பாய். நிய்யத்து வணக்கம், நேர்ச்சை. ஆனால் காட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்ட இரவை மனசு மறக்காது. யாத்திரை முடிந்து வீடு வந்தவருக்கு அடுத்த வருடமும் போக ஆசை வருவது அந்த இரவாலும்தான்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது? கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர் 1885இல் 'வாண்டரர்' என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்வித்தார். பிரிஸ்டல் நகரத்தில் கட்டிய அந்த வண்டியின் நிறை ஏறக்குறைய இரண்டு தொன். வண்டியோட்டி ஒருவர், வேலையாள் ஒருவர், ஒரு நாய் ஆகியோரோடு ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை 1,300 மைல் அளவு பயணம் போனார். வேலையாள் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னால் போய்ப் பாதை பார்த்தாராம். அதுவரை அந்த நாட்டில் சக்கர வீட்டில் வாழ்ந்தவர்கள் ஜிப்சிகளும் கூத்துக்காரர்களும். அவர்களைக் கீழாகப் பார்த்த சமூகத்தில், ஒரு கனவான் அதையே விரும்பிச் செய்ததும் அது நாகரிகமாகிவிட்டது. 1907இல் கரவன் சங்கமே தொடங்கினார்கள். பிறகு மோட்டார் வந்தது. 1951இல் ஜேர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் வொக்ஸ்வாகன் வானுக்குள் கட்டிலும் அலுமாரியும் பொருத்தி விற்கத் தொடங்கியதும் நடுத்தர வீடுகளுக்கும் அந்த ருசி போய்ச் சேர்ந்தது.

கவனியுங்கள். ஏழைகள் கட்டாயத்தால் செய்ததை வசதியானவர் ஆசையால் செய்யும்போது அதற்குப் புதுப் பெயர் வருகிறது. வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடப்பது.

நமக்கு வான் வந்த கதை வேறு. 1970களின் முதற்பாதியில் இறக்குமதி இறுக்கம். கார் ஒரு சிலரிடம்தான். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. 'ஹால் பொல்ல' என்று வீதியில் தடுப்புப் போட்டுச் சாக்குகளைச் சோதித்த காலம். அரிசியோடு பயணம் போகிற பழக்கமுள்ள சனத்துக்கு அது எவ்வளவு பெரிய தடை என்று நினைத்துப் பாருங்கள். 1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிலிருந்து பாவித்த வான்கள் கப்பல் கப்பலாக இறங்கின. ஹயேஸ், டெலிக்கா, பிறகு கரவன். ஒரு குடும்பத்தால் வாங்க முடியாவிட்டாலும் நான்கு குடும்பம் சேர்ந்து வாடகைக்குப் பிடிக்கலாம்.

இதில் அதிகம் எழுதப்படாத ஒன்று இருக்கிறது. இந்த வான்கள் முதலில் வெளியே கொண்டுவந்தது நம் பெண்களை. ஆண்கள் வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போனவர்கள்தான். உம்மாமாருக்கு அது எளிதாக இருக்கவில்லை. வழியில் சாப்பாடு ஹலாலா என்ற கேள்வி, தொழ இடம், ஒதுங்க இடம், கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச நெருப்பு. வெள்ளவத்தைச் சைவ வீடுகளிலும் இதே கதைதான். மச்சம் புழங்கும் கடையில் அந்த அம்மாமார் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அடுப்பும் சட்டியும் திரைபோட்ட வானில் கூடவே வந்தபோது இந்தக் கேள்விகளில் பாதி தீர்ந்தது. நுவரெலியாக் குளிரையும் திருகோணமலைக் கடலையும் பல பெண்கள் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான். சமையல் அங்கேயும் அவர்கள் தலையில்தான் விழுந்தது என்பது உண்மை. ஆனால் ஆற்றங்கரையில் சமைப்பதும் புகை அடைத்த குசினியில் சமைப்பதும் ஒன்றல்ல என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் வண்டி இருந்தால் மட்டும் போதாது. பாதையும் வேண்டும். 1983 ஜூலைக்குப் பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடிழந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரவுப் பயணம் என்பதே பயமாகிப் போனது. யுத்த காலத்தில் சாமான் நிறைந்த வான் என்றால் சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில், சிலர் கொழும்பில் குடியேறினார்கள்.

2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. 2009இல் யுத்தம் முடிந்த பின் படிப்படியாகத் திறந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் யாழ்ப்பாணம் போனது. தங்க இடம் போதாமல் வண்டிக்குள்ளேயே படுத்தார்கள், வீதியோரத்தில் சமைத்தார்கள். அவர்களுக்கு அது சுற்றுலா. அதே வீதியில், அதே மாதிரி வான்களில், வெளியேற்றப்பட்ட குடும்பங்களும் போயின. சோனகத் தெருவில் வானை நிறுத்தி, தங்கள் வீடு நின்ற வளவைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். கூரை இல்லாத வீட்டைப் பார்க்க, சட்டியும் பாயும் கட்டிக்கொண்டு போன பயணம் அது. சொந்த ஊரில் ஒரு இரவு தங்க வண்டியே வீடாக வேண்டியிருந்தது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறு இடங்களிலும் நடந்த கொடுமைக்குப் பிறகு, முஸ்லிம் குடும்பங்கள் நெடுநாள் தூரப் பயணம் போகப் பயந்தன. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் தங்கள் ஆலயத்துக்குப் போகவே பயந்தார்கள். இரண்டு பயமும் ஒரே தெருவில் இருந்தன.

பிறகு 2022. எரிபொருள் வரிசையில் வான்களிலும் ஆட்டோக்களிலும் நாட்கணக்கில் படுத்தோம். வண்டிக்குள் சாப்பிட்டு, வண்டிக்குள் தூங்கினோம். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அந்த வரிசையைப் பார்த்து "இதுதான் நம்ம மோட்டார் ஹோம்" என்று சனம் சிரித்ததும் நினைவிருக்கிறது.

இப்போது நம் நாட்டிலும் வான்களுக்குள் கட்டிலும் குசினியும் பொருத்தி வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நல்லது, நாலு பேருக்குத் தொழில். ஆனால் பிள்ளைகள் இதை வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்கக் கூடாது. யாத்திரிகர்கள், கரத்தைக்காரர்கள், நம் உம்மும்மாமார் எல்லோரும் சேர்ந்து நமக்குப் பழக்கிய ருசி இது. பயமில்லாமல் வண்டியை ஓரங்கட்டி, முன்பின் தெரியாத ஊரில் அடுப்பு மூட்டி, பக்கத்தில் நிற்கும் வேற்று மதத்துக் குடும்பத்துக்கும் ஒரு பீங்கான் சோறு கொடுக்க முடிகிற காலத்தில்தான் அந்த ருசி வளர்ந்திருக்கிறது. பாதை மூடிய ஒவ்வொரு தடவையும் அது சுருங்கியிருக்கிறது.

வரும் விடுமுறையில் ட்ரிப் போகிறவர்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க முதல்முதல் எங்க போனீங்க, எதுல போனீங்க, என்ன ஆக்கினீங்க?" சொல்வதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாடிவீடுகளில் தங்கிய துரைமார் தங்கள் பயணங்களை எழுதி வைத்தார்கள். நம் உம்மாமாரின் பயணங்களை நாம்தான் எழுத வேண்டும்.