பயில்வான் காது

"நீ என்ன பெரிய தாரா சிங்கா?" ஒல்லிப் பையன் சண்டைக்கு வந்தா நம்ம ஊர்ல கேக்குற கேள்வி இது. ஆனா அந்த மனுஷன் பயில்வானா உருவானது பஞ்சாப்ல மட்டும் இல்ல, சிங்கப்பூர்லயும்தான். அதைப் பத்தி ஒரு சின்ன த்ரெட்.

1881-ல போலீஸ் வேலைக்காக சீக்கியர்களை சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போனான் வெள்ளைக்காரன். பின்னாடியே வாட்ச்மேன் வேலைக்கும் பால் வியாபாரத்துக்கும் நிறைய பேர் போனாங்க. கல்கத்தாவுல கப்பல் ஏறி வந்ததால மலாய்க்காரங்க இவங்களை 'பெங்காலி'ன்னே கூப்பிட்டாங்க! ஊர்ல இருந்து கொண்டு போன சாமான்ல குஸ்தியும் ஒண்ணு.

1928-ல அமிர்தசரஸ் பக்கம் தர்முசக் கிராமத்துல பிறந்த தாரா சிங், 1947-ல அங்க போய்ச் சேர்ந்தார். டிரம் செய்யுற ஆலையில வேலை. ஹர்னாம் சிங்தான் குரு. பழகினது கிரேட் வேர்ல்டு ஸ்டேடியத்துல. கிரேட் வேர்ல்டுங்கறது ஒரு கேளிக்கைப் பூங்கா. சினிமா, கேபரே, அதுக்குப் பக்கத்துலயே டிக்கெட் போட்டு மல்யுத்தம். அகாடாவோட மண் குஸ்தி இங்க மேடை ஏறிடுச்சு. பாதி நாடகம்தானேன்னு கேட்டா, ஆமா, இருக்கலாம். ஆனா நூறு கிலோவுக்கு மேல இருக்குற ஆள் மேல விழுந்தா விலா எலும்புக்கு அது நாடகம்னு தெரியாது.

கோலாலம்பூர்ல தர்லோக் சிங்கை ஜெயிச்சு மலேயா சாம்பியன் ஆனார். 1954-ல ருஸ்தம்-இ-ஹிந்த். 1968-ல பம்பாயில லூ தெஸ்ஸையே சாய்ச்சார். ராமாயணம் சீரியல்ல அனுமாரா வந்தப்போ வயசு அறுபதை நெருங்கிடுச்சு.

'பயில்வான்', பயில்ங்கற சொல்லுல இருந்து வந்த மாதிரி இருக்கும். இல்ல, அது பாரசீக 'பஹ்லவான்'. ஆம்பூர், வாணியம்பாடி உருது பேசுற தெருக்கள்ல இன்னும் 'பெஹல்வான்'தான்.

இப்ப நம்ம டிபார்ட்மெண்ட். குஸ்திக்காரங்களுக்கு நசுங்கின காது ஒரு பெருமை. காது மடல் குருத்தெலும்புக்குன்னு தனியா ரத்தக்குழாய் கிடையாது, மேல போர்த்தியிருக்குற உறைதான் சோறு போடுது. அடியில, தேய்ப்புல உறை பிரிஞ்சு நடுவுல ரத்தம் கட்டிட்டா குருத்தெலும்பு பட்டினி கிடந்து சாகும். அப்புறம் அந்த இடம் கண்டபடி தடிச்சு, காலிஃபிளவர் மாதிரி சுருங்கிடும்.

ஷூ கம்பெனி ஷிப்ட் முடிச்சு ஞாயித்துக்கிழமை கபடி ஆடுற தம்பிகளுக்கும் இதே கதைதான். மருதாணி பத்து வேணாம், வீட்ல ஊசி குத்தவே வேணாம், சீழ் பிடிக்கும். வீங்கின மறுநாளே ஈஎன்டி ஓபிக்கு வாங்க. ரத்தத்தை எடுத்துட்டு, திரும்பச் சேராம அழுத்திக் கட்டு போடுவோம். வாரக்கணக்கா விட்டுட்டு வந்தா மடலைப் பழைய மாதிரி ஆக்குறது ரொம்ப கஷ்டம்.