கதையில உங்க பொண்ணே இளவரசியா? சிரிக்காதீங்க... இப்படிப் பேசுங்க!

‘பொன்னியின் செல்வன்’ படிச்சு முடிச்ச கையோட உங்க பொண்ணு ஒரு கதை எழுத ஆரம்பிச்சிருக்காளா? அதுல வந்தியத்தேவனை வாள்சண்டையில் ஜெயிச்சு, அருள்மொழிவர்மனுக்கே யோசனை சொல்ற புது இளவரசி வர்றாளா? அந்த இளவரசிக்கு உங்க பொண்ணு சாயல் இருக்கா? சிரிப்பு வரும்தான். அடக்கிக்கோங்க!

இதுதான் ஃபேன் ஃபிக்‌ஷன். அடுத்தவர் படைத்த உலகத்துக்குள் நுழைந்து ரசிகர் எழுதும் கதை. கல்கியின் கதையை ‘நந்திபுரத்து நாயகி’யில் தொடர்ந்தவர் எழுத்தாளர் விக்கிரமன். அதனால, இதுல வெட்கப்பட எதுவுமே இல்லை.

எல்லாம் தெரிந்த, எல்லோரும் கொண்டாடும் இந்த மாதிரி பாத்திரத்துக்கு ‘மேரி சூ’ என்று பெயர். ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்களின் கதைகளைக் கிண்டலடித்து, 1973-ல் அமெரிக்காவின் பவுலா ஸ்மித் எழுதிய குட்டிக் கதையின் நாயகி அவள். பதினைந்தரை வயது லெப்டினன்ட்! அந்தக் கிண்டல் பெயரே நிலைத்துவிட்டது.

ஆசையைக் கிண்டல் பண்ணாதீங்க

சினிமாவில் ஹீரோ ஒத்தை ஆளா இருபது பேரை அடிச்சா விசில் அடிக்கிறோம். அதையே ஒரு பொண்ணு தன் கதையில் செஞ்சா மட்டும் ‘ஓவர்’னு சொல்றது நியாயமா? கேலிக்குப் பயந்து நோட்டை மூடி வைக்கிறவங்க, திரும்ப அதைத் திறக்காமலே போயிடலாம்.

கேள்வி கேளுங்க

“உன் இளவரசிக்கு எது வராது? எதுக்குப் பயப்படுவா?” வந்தியத்தேவன் அவசரப்பட்டு மாட்டிக்கிறவன், வாயால தப்பிக்கிறவன். அதனாலதானே நமக்குப் பிடிக்குது!

ஊரைக் கதைக்குள்ள கூப்பிடுங்க

கல்கியின் பூங்குழலி கோடிக்கரையில் படகு விடுபவள். வரலாற்றில் இல்லாத, கற்பனைப் பெண். காட்டுப்பள்ளியில் வளரும் பொண்ணுக்கு ஒரு பக்கம் கடல், பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி. கழிமுகத் தண்ணியில இறங்கி கையாலேயே இறால் பிடிக்கும் பெண்களை அவளுக்குத் தெரியும். அவள் இளவரசியும் சேற்றில் இறங்கட்டும். பாத்திரத்துக்குத் தானா உயிர் வந்துடும்.

திருத்தம் அப்புறம்

முதல்ல பிடிச்ச ஒரு இடத்தைக் குறிப்பாச் சொல்லுங்க. அவ கேட்டா மட்டும் ஒரே ஒரு குறை. எழுத்துப்பிழையை எல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.

கடைசியா, “அடுத்த அத்தியாயம் எப்போ?”னு கேளுங்க. புதுசா எழுதுறவங்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது!