ஆண் அணியும் பெண்கோலம்: நெல்லைச் சீமையும் கெய்ரோவும்

சங்கரன்கோவிலின் பெயரைக் கேட்டதும் ஆடித்தபசுத் திருவிழா பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரே திருவுருவின் வலப்பாதி சங்கரன், இடப்பாதி நாராயணன் என்று கொண்டு வழிபடும் ஊர் அது. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. புளியங்குடியிலும் கடையநல்லூரிலும் வாழும் நம்மவர்க்கு அது அண்டை ஊர். அச்சுற்றுவட்டாரம் உள்ளிட்ட நெல்லைச் சீமையின் கொடை விழாக்களில் ஆடப்பெறும் ஒரு கலையிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குகிறோம். அது கணியான் கூத்து. மகுடாட்டம் என்றும் பெயர் பெறும்.

சுடலைமாடன் கோயில் கொடைகளில் இக்கூத்து சிறப்பிடம் பெறுகிறது. அண்ணாவி கதைப்பாடலைப் பாடுவார்; பின்பாட்டுக்காரர் துணைநிற்பார்; இருவர் மகுடம் என்னும் தோற்கருவியை முழக்குவர்; ஜால்ரா தாளம் காக்கும். முன்னே ஆடுவோர் இருவர். அவர்கள் ஆண்கள், ஆனால் சேலை உடுத்து, கொண்டை முடித்து, சலங்கை கட்டிப் பெண்கோலத்தில் ஆடுவர். அதே குழுவினர்தாம் கைவெட்டு என்னும் சடங்கில் தம் உடலைக் கீறிக் குருதி சிந்துபவரும் ஆவர். பெண்கோலமும், ஆண்மையின் அடையாளமாக உலகம் கருதும் நெஞ்சுரமும் ஒரே களத்தில், ஒரே குலத்தாரிடம் சேர்ந்து நிற்கின்றன. கூத்து முடிந்து சேலையைக் களைந்தவர் மறுநாள் குடும்பத் தலைவராகத் தம் வீட்டுக்குத் திரும்புகிறார்.

ஆடை மாறினால் ஆண்மை குன்றுமா? இவ்வினாவை எழுப்புவதற்கு முன், இது நெல்லைச் சீமைக்கு மட்டும் உரிய வழக்கா என்று பார்க்க வேண்டும்.

தமிழின் பழைய நூல்களே இதற்குச் சான்று தருகின்றன. சிலப்பதிகாரம் கூறும் மாதவியின் பதினோர் ஆடல்களுள் ஒன்று பேடு. காமன் ஆணுருத் திரிந்து சோ என்னும் நகரில் ஆடிய கூத்து அது. மணிமேகலை அக்கோலத்தைப் புகார் நகரத் தெருவில் நம் கண்முன் நிறுத்துகிறது. முகத்திலே சுருண்ட தாடி, காதிலே வெண்தோடு, இடையிலே முழங்காலளவு நிற்கும் வட்டுடை, மேனியிலே பெண்மையின் ஒப்பனை. ஆடுபவர் தாடியை மழிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. பெண்ணாகவே மயக்குவது அக்கோலத்தின் நோக்கமாக இருந்திருப்பின் தாடிக்கு அங்கு இடமில்லை. இது ஆணின் வேடம் என்பதைக் காண்போர் அறிந்தே காண வேண்டும் என்பதே அக்கோலத்தின் இலக்கணம்.

இனி முஸ்லிம் நாடுகளின் வரலாற்றுக்குச் செல்வோம். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இசைக்கலையைப் பற்றிப் பேசுமிடத்து, குர்ரஜ் என்னும் ஓர் ஆடற்கருவியைக் குறிப்பிடுகிறார். பெண்கள் அணிவது போன்ற அங்கிகளில் சேணம் பூட்டிய மரக்குதிரைகளைப் பொருத்தி, அவற்றை அணிந்தோர் குதிரையேறியவர் போல் பாய்ந்தும் பின்வாங்கியும் ஆடினர் என்கிறார். நம் தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரையைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. போர்வீரனின் குதிரையும் பெண்ணின் அங்கியும் அங்கே ஒரே உடையாகத் தைக்கப்பட்டிருந்தன.

துருக்கியிலும் இத்தகைய ஆடவர் இருந்தனர். உஸ்மானிய சுல்தான் மூன்றாம் அஹ்மது தம் புதல்வர்களின் சுன்னத் விழாவை 1720இல் இஸ்தான்பூலில் பெரும் பொலிவுடன் நடத்தினார். ஓவியர் லெவ்னீ அவ்விழாவைச் சிற்றோவியங்களாக வரைந்தார். தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வேட்டில், சுழலும் பாவாடை அணிந்து ஆடும் கலைஞர்களையும் காண்கிறோம். கோச்செக் எனப்பட்ட இத்தகைய இளைஞர்கள் அரச விழாவிலும் பொதுவிழாவிலும் ஆடினர்.

எகிப்தில் இவ்வகையினர் கவல் எனப்பட்டனர். 1836இல் வெளியான தம் நூலில் எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். இறுக்கமான மேற்சட்டை, இடைக்கச்சை, ஒருவகைப் பாவாடை ஆகியவை இவர்களின் உடை. நீண்ட கூந்தலைப் பின்னி, கண்ணுக்குச் சுர்மாவும் கைக்கு மருதாணியும் இட்டனர். திருமண வீடுகளிலும் சுன்னத் விழாக்களிலும் ஆடினர். பெண்கள் பொதுவில் ஆடுவது தகாது என்று கருதிய குடும்பத்தார் இவர்களையே விரும்பி அழைத்தனர். இவர்களை லேன் வெறுப்புடனேயே நோக்குகிறார். எனினும் ஓர் உண்மையைப் பதிவு செய்கிறார். தம்மை மெய்யான பெண்கள் என்று எவரும் கருதிவிடாதவாறு, பாதி ஆணுடையும் பாதி பெண்ணுடையுமாக அவர்கள் அணிந்தனராம். புகார் நகரின் தாடியும் கெய்ரோவின் மேற்சட்டையும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. கோலம் எல்லையைக் கடக்கிறது. கடந்தது எல்லை என்பதையும் மறவாமல் காட்டி நிற்கிறது.

1834இல் முஹம்மது அலீ பாஷாவின் ஆட்சி, பொதுவில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து விலக்கியது. கெனா, எஸ்னா, அஸ்வான் முதலிய தென்னகர ஊர்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். ஒழுக்கத்தைக் காக்க வந்த ஆணை, பெண்கள் விட்டுச் சென்ற இடத்தை ஆடவர்க்குத் திறந்துவிட்டது. 1849-50இல் எகிப்துக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளொபேர், ஹஸன் அல்பில்பைஸீ என்னும் ஆடவரின் ஆட்டத்தைக் கெய்ரோவில் கண்டு எழுதினார். பெண்ணை மேடையிலிருந்து விலக்கினால் பெண்கோலம் விலகிவிடுவதில்லை. அதை ஆண் அணிந்துகொள்கிறான். நம் தமிழ் நாடக மேடையும் இதற்குச் சான்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். அச்சபையில் வளர்ந்த டி. கே. சண்முகம், ஔவையார் வேடம் ஏற்ற பின்னர் வாழ்நாள் முழுதும் 'ஔவை' என்ற அடைமொழியுடனேயே போற்றப்பட்டார். ஒரு மூதாட்டியின் பெயர் ஓர் ஆடவர்க்கு இழிவாகவில்லை, பட்டமாயிற்று.

ஐரோப்பியப் பயணிகளின் எழுத்துகள் கீழைநாட்டு ஆடவனைப் பொதுவாகவே பெண்தன்மை கொண்டவனாகச் சித்திரித்தன. ஆள்வதற்குத் தகுதியற்றவன் என்று காட்டவும் அச்சித்திரம் பயன்பட்டது. அதைக் கண்டு கூசிய நம் சீர்திருத்தவாதிகள் பலர், அந்த அளவுகோலையே தமதாக்கிக்கொண்டனர். கீழைநடனமும் 1893இன் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பின் 'பெல்லி டான்ஸ்' என்ற பெயருடன் பெண்ணுடலின் காட்சியாகவே உலகெங்கும் அறியப்பட்டது. 1926இல் பதீஆ மஸாப்னீ கெய்ரோவில் தொடங்கிய அரங்கு அதற்குப் புதுவடிவம் தந்தது. மேற்கச்சு வேறு, பாவாடை வேறு என்ற இருதுண்டு உடை அதன்பின் நிலைபெற்றது. கவல்களின் மரபு நினைவிலிருந்து மறைந்தது.

1959இல் மஹ்மூத் ரிதா தம் நடனக்குழுவை நிறுவியபோது இம்மாற்றத்தின் விளைவைக் காண்கிறோம். 1952இன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எகிப்துக்காகப் போட்டியிட்ட உடற்பயிற்சி வீரர் அவர், 2020இல் மறைந்தார். ஆடவர் ஆடுவதை மீண்டும் மதிப்புக்குரியதாக்க அவர் உழைத்தார். அதற்காக அவர் தம் ஆடவர்க்கு அளித்தவை ஜல்லாபிய்யா என்னும் நீளங்கியும், தஹ்தீப் என்னும் மேல் எகிப்தின் சிலம்பமும். தஹ்தீப் 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆண் ஆடலாம், ஆனால் கையில் கோல் வேண்டும் என்பது புதிய உடன்படிக்கை. ஆண்மை என்பது எக்காலத்தும் ஒரே உடை அணிந்து நிற்பதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மார்க்கத்தின் நிலை என்ன என்று வாசகர் கேட்பது இயல்பு. பெண்களைப் போல் பாவனை செய்யும் ஆண்களையும், ஆண்களைப் போல் பாவனை செய்யும் பெண்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. அதை மழுப்புவது நம் நோக்கமன்று. ஆயினும் அறிஞர்கள் அச்சொல்லை எவ்வளவு கவனத்துடன் கையாண்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. முகன்னஸ் எனப்படுவோரில், இயல்பிலேயே அவ்வாறு படைக்கப்பட்டவர்மீது குற்றமோ பழியோ இல்லை என்றும், வேண்டுமென்றே பாவனை செய்பவரே கண்டிக்கத்தக்கவர் என்றும் இமாம் நவவீ பகுத்துரைத்தார். தீர்ப்புக்கு முன்னே பகுப்பு வந்தது.

அப்பகுப்பு தவறினால் என்ன நேரும் என்பதற்கு அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீயின் கிதாபுல் அகானீ ஒரு செய்தியைச் சொல்கிறது. மதீனாவின் தொடக்ககால இசைவாணர்களுள் துவைஸ் முதலிய முகன்னஸ்கள் புகழ்பெற்றிருந்தனர். உமய்யாக் கலீஃபா ஸுலைமான், மதீனாவின் ஆளுநருக்கு ஒரு மடல் விடுத்தார். அங்குள்ள முகன்னஸ்களை எண்ணுக என்பது ஆணை, அரபியில் 'அஹ்ஸி'. எழுத்தின்மேல் ஒரு மைத்துளி விழுந்து 'ஹா' 'கா'வாயிற்று. சொல் 'இக்ஸி' ஆயிற்று. அதாவது விதையடித்து ஆண்மை நீக்குக. ஆணை அவ்வாறே நிறைவேற்றப்பட்டதாம். இச்செய்தி வேறு வடிவங்களிலும் வழங்குகிறது. எழுத்துக்கு எழுத்து நடந்ததா என்பது ஆய்வுக்குரியது. ஆனால் அதைப் பேணிச் சொல்லிவந்த நம் முன்னோர், எண்ணுவதற்கும் அழிப்பதற்கும் இடையே ஒரு புள்ளியே உள்ளது என்பதை உணர்ந்திருந்தனர்.

கொடைப்பந்தலைக் கடந்து செல்லும்போது அக்கூத்தை நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. நம் வழிபாடு வேறு, நம் வரம்புகள் வேறு. ஆனால் சலங்கை கட்டி நிற்கும் அம்மனிதரை ஆணல்லர் என்று இகழ்வதற்கு முன், இஸ்தான்பூலில் நம் சுன்னத் விழாக்களிலும் கெய்ரோவில் நம் திருமண வீடுகளிலும் அவரைப் போன்றோரை அழைத்து ஆடச்செய்தவர்கள் யார் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். வரலாறு எழுதுவோர்க்கு இடப்பட்ட ஆணை எண்ணுக என்பதே. அதன்மேல் மைத்துளி விழாமல் காப்பது நம் கடமை.