நாலு சுவரும் ரெண்டு பிசாசும்

போன டிசம்பரில் குன்னூர் குளிர் தாங்கலை. முன்னறைக்குக் கார்ப்பெட் போட்டே ஆகணும்னு தங்கமணி உத்தரவு. அளக்கிற வேலை வழக்கம்போல என் தலையில். எங்க வீடு தெருமுக்கில் இருக்கிறது. ரோடு வளைகிற பக்கம் சுவரும் கோணலாகத்தான் போகும். டேப்பைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். வரிசையாக 15 அடி, 13 அடி, 10 அடி, 12 அடி.

இந்த மாதிரிக் கோணல் அறைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். எதிரெதிர்ச் சுவர்களைக் கூட்டிப் பாதியாக்கு, வருகிற ரெண்டையும் பெருக்கு. 15-ம் 10-ம் 25, பாதி பன்னிரண்டரை. 13-ம் 12-ம் அதே 25, பாதி பன்னிரண்டரை. பெருக்கினால் 156¼. கடைக்குப் போனேன். பையன் "எத்தனை சதுரடி சார்?" என்றான். "156" என்றேன். ரோல் 12 அடி அகலம், 13 அடி நீளம் வெட்டினால் கச்சிதமாக 156. ரெண்டு பேருக்கும் பரம திருப்தி.

வீட்டில் விரித்தபோதுதான் தெரிந்தது. 15 அடிச் சுவர் ஓரமாக ரெண்டடி தரை முக்கோணமாகப் பல்லைக் காட்டுகிறது. எதிர்ப்பக்கம் 10 அடிச் சுவரில் மூணடி கார்ப்பெட் சுவர்மேல் ஏறி நிற்கிறது. ஒரு பக்கம் மிச்சம், ஒரு பக்கம் பற்றாக்குறை!

கோபத்தில், இந்தப் பாதியாக்கிப் பெருக்கும் கணக்கை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தார் என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் அது போய்க்கொண்டே இருக்கிறது. கி.மு. 2000-ஐ ஒட்டிய காலத்திலேயே மெசபடோமியாவில் களிமண் பலகையில் நிலம் அளந்தவர்கள் இதைத்தான் போட்டிருக்கிறார்கள். எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் ஹோரஸ் கோவில் இருக்கிறது, கி.மு. 237-ல் கட்டத் தொடங்கியது. அந்தக் கோவிலுக்குக் கொடுத்த வயல்களின் பட்டியலைச் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வயலுக்கும் நாலு பக்க அளவு, அதற்குப் பரப்பு, எல்லாம் என் கார்ப்பெட் கணக்குதான். முக்கோண வயல் வந்தால்? நாலாவது பக்கம் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். என்ன ஒரு தைரியம் :-)

இந்தக் கணக்கில் ஒரு விஷமம் உண்டு. நாலு மூலையும் மட்டமாக இருந்தால் சரியான விடை. மூலை கொஞ்சம் கோணினாலும் விடை கூடுதலாகத்தான் வரும், ஒருநாளும் குறையாது. கயிற்றுக்கட்டிலை நினைத்துப் பாருங்கள். ஆறடிக்கு நாலடிச் சட்டம், 24 சதுர அடி. முளை தளர்ந்து சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கட்டைகளின் நீளம் மாறாது, ஆனால் படுக்கிற இடம் சுருங்கிவிடும். கணக்கு மட்டும் 24 என்றே சாதிக்கும். தானம் கொடுத்தவருக்கு இதில் பெருமைதான். இதே கணக்கில் தீர்வை கட்டியவன் பாடுதான் திண்டாட்டம், இல்லாத நிலத்துக்கும் சேர்த்துக் கட்டியிருப்பான்.

நம்ம பக்கம் இது தோராயம்தான் என்று பளிச்சென்று சொன்னவர் பிரம்மகுப்தர். கி.பி. 628-ல், முப்பது வயதில், பிரம்மஸ்புடசித்தாந்தம் எழுதியவர். பாதியாக்கிப் பெருக்குவதற்கு ஸ்தூலம், அதாவது குத்துமதிப்பு, என்று பேர் வைத்துவிட்டு, சூட்சுமமான விடைக்கு வேறு வழி கொடுக்கிறார். நாலு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழி. கிடைக்கிற நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. என் அறைக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டினால் 50, பாதி 25. கழித்தால் 10, 12, 15, 13. பெருக்கினால் 23400. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 153.

பரவாயில்லையே, குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அதுவும் தப்பு! நாலு மூலையும் ஒரே வட்டத்தில் உட்காருகிற வடிவத்துக்குத்தான் அந்தச் சூத்திரம் சரி. அவர் மனசில் இருந்தது அந்த வடிவம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து, ஆனால் சூத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. என் அறை வட்டத்தில் உட்காராது.

ஐந்நூறு வருஷம் கழித்து, 1150-ல் லீலாவதி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இந்த இடத்தில்தான் பிடித்தார். நாலு பக்கம் ஒன்றாகவே இருந்தாலும் மூலைவிட்டம் மாறலாம், அது மாறினால் பரப்பும் மாறும். அப்புறம் வெறும் பக்கங்களை வைத்துப் பரப்பு எப்படிச் சொல்வாய் என்று கேட்கிறார். மூலைவிட்டமோ குத்துயரமோ சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்கிறவன் பிசாசு, பதில் சொல்கிறவன் அவனைவிடப் பெரிய பிசாசு என்று திட்டு வேறு. படித்ததும் கடைப்பையன் ஞாபகம் வந்தது. கேட்டவன் அவன், பதில் சொன்னவன் நான்.

டேப்பை மறுபடி எடுத்தேன். 12 அடிச் சுவரின் ஒரு முனையிலிருந்து எதிர்மூலைக்கு 19 அடி ரெண்டரை அங்குலம். அறை ரெண்டு முக்கோணமாகிவிட்டது. ஒன்று 90, இன்னொன்று 60. ஆக மொத்தம் 150 சதுர அடி.

கார்ப்பெட் ஒட்ட வந்தவரிடம் இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரோல்ல வர்ற சாமானுக்குச் சதுரடியே தேவையில்லை சார். நீளமான சுவர் 15, ரோல் அகலம் 12, அவ்ளோதான். 180 வாங்கியிருக்கணும், 30 வேஸ்ட்டாப் போகும்" என்றார். பாஸ்கரருக்கும் தோன்றாத கோணம்.

நல்லவேளையாக, மிச்சமாகி நின்ற முக்கோணத்தை அரைச்சுற்றுத் திருப்பினால் பல்லைக் காட்டிய இடத்தின் அதே வடிவம், கொஞ்சம் பெரிசு. ஓரத்தை வெட்டி ஒட்டிவிட்டார், இம்மி பிசகவில்லை. ஆனால் திருப்பிப் போட்டதால் அந்தத் துண்டில் மட்டும் கார்ப்பெட்டின் நூல் எதிர்த்திசையில் சாய்ந்து கிடக்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் அது வேற கலர். தங்கமணி ஒன்றும் சொல்லாமல் டீப்பாயைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டார். முக்கோணத்தின் கூர்முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.